பண்ணைப் பங்கில் சேர்வதும் அதை இன்னொரு வீட்டோடு பகிர்ந்துகொள்வதும்: முழுமையான வழிகாட்டி

பருவம் தொடங்குவதற்கு முன்பே விவசாயியிடம் பணம் கொடுத்துவிடுகிறோம். அதன்பிறகு பருவம் முடியும்வரை அறுவடையில் நமக்குரிய பங்கு வாரா வாரம் ஒரு பெட்டியில் வந்து சேர்கிறது. நன்றாக விளைந்தால் பெட்டி நிறைந்து வழியும். பூச்சியோ பெருமழையோ வந்தால் பெட்டியின் அடி தெரியும். சமூக ஆதரவு வேளாண்மை, சுருக்கமாகச் சி.எஸ்.ஏ., என்று சொல்லப்படும் ஏற்பாடு இவ்வளவுதான். கடையில் பட்டியல் போட்டு வாங்குவதைப் போல இதை நினைத்துச் சேர்பவர்கள் பாதியில் சலித்துப்போகிறார்கள். நல்லதிலும் கெட்டதிலும் பண்ணையோடு சேர்ந்து நிற்கிறோம் என்று தெரிந்து சேர்பவர்களுக்கு இது பல ஆண்டுகள் நிலைக்கிறது.

ஒரு பங்கை இரண்டு வீடுகள் சேர்ந்து எடுப்பதும் இதேபோலத்தான். சிறிய குடும்பங்களுக்கும் முதல்முறை சேர்பவர்களுக்கும் நான் சொல்லும் வழி அதுதான்: முழுப் பங்கு ஒன்றை எடுத்து இன்னொரு வீட்டோடு பாதியாகப் பிரித்துக்கொள்ளுங்கள். பெட்டியில் இருப்பதைப் பயம் இல்லாமல் முழுவதும் சமைத்துத் தீர்க்கலாம், வாரா வாரம் போய் எடுத்துவரும் வேலையும் பாதியாகும். ஆனால் முதல் பெட்டி வருவதற்கு முன்பே சில விஷயங்களைப் பேசி முடித்திருக்க வேண்டும்.

இந்த முறை எங்கிருந்து வந்தது

இதைக் கொஞ்சம் தெரிந்துகொண்டால் பண்ணைகள் ஏன் இப்படியெல்லாம் விதி வைத்திருக்கின்றன என்பது புரியும். ஜப்பானில் 1970களில் 'தெய்கெய்' என்ற ஏற்பாடு பரவியது. பூச்சிமருந்தைக் கண்டு அஞ்சிய குடும்பங்கள் விவசாயிகளோடு நேரடியாக ஒப்பந்தம் செய்துகொண்டன. 1971இல் தொடங்கிய ஜப்பான் இயற்கை வேளாண்மைச் சங்கம் 1978இல் இதற்குப் பத்துக் கொள்கைகளை வகுத்தது. திட்டமிட்டு விளைவித்ததை முழுவதுமாக வாங்கிக்கொள்வது அவற்றில் ஒன்று. கொண்டுபோய்ச் சேர்க்கும் வேலையை வெளியாரிடம் விடாமல், விளைவிப்பவர்களும் உண்பவர்களும் தாங்களே பார்த்துக்கொள்வது இன்னொன்று. பெட்டியில் வந்ததை எடுத்துக்கொள்ளவேண்டும், நாமே போய் வாங்கவேண்டும் என்று இன்றைய பண்ணைகள் சொல்வதற்கு அங்கேயே வேர் இருக்கிறது.

அதே 1978இல் ஜெனீவாவிலும் உறுப்பினர்கள் நடத்தும் கூட்டுறவுக் காய்கறிப் பண்ணை ஒன்று தொடங்கியது. அமெரிக்காவில் 1986இல் இரண்டு பண்ணைகள் இந்த வழியில் பருவம் தொடங்கின: மாசசூசெட்ஸில் இண்டியன் லைன் பண்ணை, நியூ ஹாம்ப்ஷயரில் டெம்பிள்-வில்டன் சமூகப் பண்ணை. பிரான்ஸில் 2001இல் 'ஆமாப்' என்ற பெயரில் இது வேர்விட்டது.

டெம்பிள்-வில்டனில் பங்குக்கு ஒரே விலை என்று வைக்கவில்லை. ஆண்டுச் செலவு இவ்வளவு என்று விவசாயிகள் முன்வைப்பார்கள், ஒவ்வொரு குடும்பமும் தன்னால் எவ்வளவு முடியும் என்று சொல்லும். மொத்தம் செலவை எட்டவில்லை என்றால் இன்னொரு சுற்று போகும். ஜெர்மனியில் பல பண்ணைகள் இன்றும் இப்படித்தான் தொகையை முடிவு செய்கின்றன. உங்கள் பகுதியில் இந்த முறை இருந்தால் தயங்காமல் சேருங்கள். கையில் குறைவாக உள்ளவர்களுக்கும் நல்ல காய்கறி கிடைக்க இதைவிடக் கண்ணியமான வழியை நான் பார்க்கவில்லை.

முதலில் உங்கள் வீட்டைக் கணக்கெடுங்கள்

பண்ணையைத் தேடுவதற்கு முன் இரண்டு வாரம் ஒரு வேலை செய்யுங்கள். வீட்டில் வாங்கும் காய்கறியையெல்லாம் ஒரு தாளில் எழுதுங்கள். சமைக்காமல் வாடி வெளியே போனதையும் எழுதுங்கள். அந்த இரண்டாவது பட்டியல்தான் முக்கியம். இப்போதே வாரத்துக்கு ஒரு கட்டுக் கீரை வீணாகிறது என்றால், மூன்று கட்டுக் கீரை வரும் பெட்டி உங்களுக்குப் பாரமாகத்தான் இருக்கும்.

வாரத்தில் எத்தனை நாள் வீட்டில் சமைக்கிறீர்கள் என்பதை எண்ணுங்கள். நான்கு நாளுக்குக் கீழே என்றால் முழுப் பங்கு தனியாக வேண்டாம். குளிர்சாதனப் பெட்டியில் ஒரு முழுத் தட்டாவது காலியாக்க முடியுமா என்று பாருங்கள். பெட்டி எடுக்கும் நாளில் மாலை நேரம் உங்களுக்கு உண்டா என்பதையும் யோசியுங்கள். வந்த காய்கறியை அன்றைக்கே பிரித்து, ஆய்ந்து, எடுத்துவைக்க ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆகும். அந்த ஒரு மணி நேரம் கிடைக்காத வீட்டில் காய்கறி பையிலேயே அழுகும்.

பங்கில் என்னென்ன வகை

பெரும்பாலான பண்ணைகளில் முழுப் பங்கு, அரைப் பங்கு என்று இரண்டு அளவு இருக்கும். அரைப் பங்கு என்றால் சில இடங்களில் வாராவாரம் சின்னப் பெட்டி, சில இடங்களில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பெரிய பெட்டி. இரண்டும் ஒன்றல்ல, கேட்டுக்கொள்ளுங்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வரும் பெட்டியில் கீரையும் இலைக்காய்களும் முதல் வாரத்திலேயே தீர்ந்துவிடும், அடுத்த வாரம் கிழங்கு மட்டும் மிஞ்சும்.

பெட்டியை நிரப்பும் விதமும் மாறும். விவசாயியே நிரப்பித் தருவது பழைய முறை. மேசையில் பரப்பிவைத்து, 'இதில் இரண்டு, அதில் ஒரு கட்டு' என்று எழுதி நம்மையே எடுத்துக்கொள்ளச் சொல்வது இன்னொன்று. முன்பணம் கட்டிவிட்டு அந்தத் தொகை தீரும்வரை விருப்பப்பட்டதை எடுப்பது மூன்றாவது. இது வசதியானது, ஆனால் விளைச்சல் அபாயத்தில் நாம் ஏற்கும் பங்கு இதில் குறைவு. வேலைப் பங்கு என்றும் ஒன்று உண்டு. வாரத்தில் சில மணி நேரம் களை எடுத்தோ அறுவடைக்கு உதவியோ, அதற்கு ஈடாகப் பங்கைப் பெறலாம்.

ஒரு எச்சரிக்கை. பல பண்ணைகளிடமிருந்தோ மொத்தச் சந்தையிலிருந்தோ வாங்கிப் பெட்டி கட்டி அனுப்பும் நிறுவனங்களும் இதே பெயரைச் சொல்லிக்கொள்கின்றன. அவர்களிடம் வாங்குவதில் தவறு ஒன்றும் இல்லை. ஆனால் நீங்கள் முன்கூட்டிக் கொடுக்கும் பணம் விதைக்கும் உரத்துக்கும் போகிறதா, கிடங்குக்குப் போகிறதா என்பது வேறு விஷயம். "இந்தப் பெட்டியில் எதெல்லாம் உங்கள் நிலத்தில் விளைந்தது?" என்று கேட்டால் தெளிவாகிவிடும்.

பண்ணையிடம் கேட்க வேண்டியவை

எல்லாக் கேள்வியிலும் பயன் மிகுந்தது ஒன்றுதான்: "போன பருவத்தில் ஒவ்வொரு வாரமும் பெட்டியில் என்ன இருந்தது?" ஒழுங்காக நடத்தும் பண்ணையிடம் இந்தப் பட்டியல் இருக்கும். அதை வாங்கி மெதுவாகப் படியுங்கள். பருவத்தின் தொடக்கத்தில் இலையும் கீரையுமாக இருக்கும். நடுவில் தக்காளி, வெள்ளரி, கத்தரிக்காய் வந்து குவியும். கடைசியில் கிழங்கும் பூசணியும். ஊரின் தட்பவெப்பத்தைப் பொறுத்து வரிசை மாறும், ஆனால் ஏற்ற இறக்கம் எங்கும் உண்டு. அந்தப் பட்டியலில் உங்கள் வீட்டில் யாருமே தொடாத காய் தொடர்ந்து ஐந்து வாரம் வந்திருந்தால், சேர்வதற்கு முன்பே இரண்டாவது முறை யோசியுங்கள்.

அடுத்த கேள்வி: "ஒரு பயிர் முழுதாகப் போய்விட்டால் என்ன செய்வீர்கள்?" நல்ல விவசாயி இதற்கு நேராகப் பதில் சொல்வார். சிலர் வேறு காயைக் கூடுதலாகப் போடுவார்கள். சிலர் பக்கத்துப் பண்ணையிலிருந்து வாங்கிப் போட்டு, அதை எழுதியும் வைப்பார்கள். சிலர், "அந்த வாரம் குறைவாகத்தான் இருக்கும்" என்பார்கள். மூன்றும் நேர்மையான பதில்கள்தாம். "அப்படியெல்லாம் நடக்காது" என்பது மட்டும் நேர்மையான பதில் இல்லை.

பூச்சிக்கும் நோய்க்கும் என்ன தெளிக்கிறார்கள் என்று கேளுங்கள். சான்றிதழ் இருக்கிறதா என்ற கேள்வியோடு நிறுத்திவிடாதீர்கள். சான்றிதழுக்குச் செலவும் எழுத்துவேலையும் உண்டு, இயற்கை முறையில் கவனமாக விளைவிக்கும் சிறு பண்ணைகளில் சில அதை வாங்குவதில்லை. நிலத்தைப் போய்ப் பார்க்க அனுமதிக்கிறார்களா என்பது எனக்குப் பெரிய அடையாளம். ஒரு நடை போய்வந்தால் பல கேள்விக்குத் தானாகவே பதில் கிடைத்துவிடும்.

மற்றவை சின்னக் கேள்விகள், ஆனால் விட்டுவிட்டால் தலைவலி. பெட்டி எடுக்கும் இடம், நாள், நேரம் என்ன? தவறவிட்டால் பெட்டி எத்தனை மணி நேரம் காத்திருக்கும், அப்புறம் யாருக்குப் போகும்? வெளியூர் போகும் வாரத்தைத் தள்ளிப்போடலாமா? தவணையில் கட்டலாமா? நடுவில் விலகினால் பணம் திரும்புமா, அல்லது பங்கை வேறொருவருக்கு மாற்றித் தரலாமா? காலிப் பெட்டியைத் திருப்பித் தரவேண்டுமா? ஒரு பங்கை இரண்டு வீடு பகிர்ந்துகொள்வதில் அவர்களுக்கு மறுப்பு உண்டா? பெரும்பாலும் மறுப்பு இருக்காது. தொடர்புக்கு ஒரே பெயர், ஒரே எண் வேண்டும் என்று மட்டும் கேட்பார்கள்.

பணம் ஏன் முன்கூட்டியே

விதை, நாற்று, உரம், சொட்டுநீர்க் குழாய், ஆள்கூலி எல்லாம் முதல் அறுவடைக்குப் பல வாரங்களுக்கு முன்பே செலவாகிவிடும். கையில் பணம் இல்லாத அந்த இடைவெளியில்தான் விவசாயி வட்டிக்கு வாங்க வேண்டிவருகிறது. நாம் முன்கூட்டிக் கொடுக்கும் தொகை அந்த இடைவெளியை நிரப்புகிறது. எத்தனை பேருக்குப் பயிரிடுகிறோம் என்பது முன்பே தெரிவதால், விற்காமல் வீணாகுமோ என்ற பயமும் விவசாயிக்கு இல்லை.

நம் பக்கத்துக் கணக்கு எளிது. மொத்தத் தொகையைப் பருவத்தின் வாரங்களால் வகுத்தால் ஒரு பெட்டியின் விலை கிடைக்கும். அதோடு போய்வரும் செலவையும், வெளியூர் போவதால் எடுக்க முடியாமல் போகும் வாரங்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 20 வாரப் பருவத்தில் 2 வாரம் ஊரில் இல்லை, தள்ளிப்போடவும் வழி இல்லை என்றால், 18ஆல் வகுப்பதுதான் உண்மையான கணக்கு. ஒப்பிடும்போது அதேபோல் விளைந்த, அன்றைக்கே பறித்த காய்கறியோடு ஒப்பிடுங்கள். முதல் சில வாரம் பெட்டி இலேசாக இருக்கும், நடுப்பருவத்தில் கனக்கும். ஆகவே ஒரே ஒரு பெட்டியை வைத்து விலை கட்டுமா கட்டாதா என்று முடிவு செய்யாதீர்கள்.

முழுத் தொகையை ஒரேயடியாகக் கட்ட முடியாது என்றால் வெளிப்படையாகச் சொல்லுங்கள். தவணை, வேலைப் பங்கு என்று பல பண்ணைகளில் வழி இருக்கிறது. கேட்காதவர்களுக்குத்தான் அது தெரிவதில்லை.

யாரோடு பகிர்வது

நல்ல நண்பர் என்பதாலேயே ஒருவர் நல்ல பங்காளி ஆகிவிடமாட்டார். மூன்று விஷயம் பாருங்கள். ஒன்று, வீடு பக்கத்தில் இருக்கவேண்டும், நடந்துபோகும் தூரம் என்றால் நல்லது. இரண்டு, இரண்டு வீட்டிலும் சமைக்கும் அளவு ஏறத்தாழ ஒன்றாக இருக்கவேண்டும். மூன்றாவதைப் பலர் யோசிப்பதில்லை: பிடிக்காத காய்கள் வேறு வேறாக இருக்கவேண்டும். உங்களுக்குப் பீட்ரூட் ஆகாது, அவர்களுக்குக் கத்தரிக்காய் ஆகாது என்றால் அதைவிடப் பொருத்தம் கிடையாது. இருவருக்கும் கீரை பிடிக்காது என்றால், சேர்ந்து எடுத்த பங்கிலும் கீரை வீண்தான். ஆளுக்கு ஒரு தாளில் பிடித்தது, சமாளிக்கக்கூடியது, வேண்டவே வேண்டாம் என்று மூன்று வரிசை எழுதி மாற்றிப் படியுங்கள். ஒவ்வாமை உள்ளவர் இருந்தால் அதையும் அங்கேயே எழுதுங்கள்.

இரண்டு வீடு என்பது சரியான அளவு. மூன்று வீடு முடியும், ஆனால் பெட்டி பெரிதாக இருக்கவேண்டும். நான்கு வீட்டுக்கு ஒரே பெட்டியைப் பிரித்தால் ஆளுக்கு இரண்டு கேரட்டும் அரைக் கட்டுக் கீரையும் மிஞ்சும், அதை வைத்து ஒருவேளைச் சமையல்கூட ஆகாது. அப்படிப்பட்ட கூட்டமாக இருந்தால் இரண்டு பங்கு எடுத்து, ஜோடி ஜோடியாகப் பிரித்துக்கொள்வது மேல்.

முதல் பெட்டிக்கு முன் எழுதிக்கொள்ள வேண்டியது

எழுதுவதா, நமக்குள்ளேயா என்று தோன்றும். எழுதுங்கள். நட்பின் மேல் சந்தேகம் வந்து எழுதுவதில்லை, எட்டாவது வாரம் யாருக்கும் எதுவும் நினைவிருக்காது என்பதால் எழுதுகிறோம். ஒரு பக்கம் போதும்.

பண்ணைக்கு யார் பெயரில் பணம் போகிறது, அடுத்தவர் தன் பாதியை எந்தத் தேதிக்குள் கொடுக்கவேண்டும். பருவம் தொடங்கும் முன் முழுப் பாதியும் கைமாறிவிடுவது நல்லது. வாராவாரம் கொடுக்கும் ஏற்பாடு வைத்தால், ஒருவர் கடன்காரராகவும் இன்னொருவர் வசூலிப்பவராகவும் ஆகிவிடுவார்கள். பெட்டி எடுக்கும் முறை யாருக்கு எந்த வாரம், நாள்காட்டியில் பருவம் முழுவதற்கும் குறித்துவிடுங்கள். முறைக்காரரால் போக முடியவில்லை என்றால் முந்தின நாள் இரவுக்குள் சொல்லவேண்டும். ஒரு வீடு வெளியூர் போனால் அந்த வாரப் பெட்டி முழுவதும் மற்ற வீட்டுக்கு. அதற்குப் பணம் கணக்குப் பார்ப்பதில்லை, அடுத்தவரும் எப்போதாவது ஊருக்குப் போவார்தானே. இப்படி ஒரு விதி போதும்.

ஒருவர் நடுவில் விலக நேர்ந்தால்? இதைக் கட்டாயம் எழுதுங்கள். விலகுபவர் தன் பாதிக்கு வேறொரு வீட்டைத் தேடித் தரவேண்டும், கிடைக்காவிட்டால் அந்தப் பருவத்தின் பணம் திரும்பாது என்பது நியாயமான ஏற்பாடு. பண்ணைக்குப் போன பணம் ஏற்கெனவே நிலத்தில் இறங்கிவிட்டது.

பிரிப்பது எப்படி

வாரம் மாற்றி வாரம் முழுப் பெட்டியை எடுத்துக்கொள்வதுதான் எல்லாருக்கும் முதலில் தோன்றும் வழி. பிரிக்கும் வேலையே இல்லை. ஆனால் எனக்கு அது ஒப்பவில்லை. ஒரு வாரம் கொள்ளாத அளவுக்குக் கீரை, அடுத்த வாரம் ஒன்றும் இல்லை. தக்காளியின் உச்ச வாரங்கள் ஒரு வீட்டுக்கே விழுந்துவிடவும் கூடும். வீடுகள் தூரத்தில் இருந்து வேறு வழியில்லை என்றால் மட்டும் இதை வைத்துக்கொள்ளுங்கள்.

ஒவ்வொரு பெட்டியையும் பிரிப்பதுதான் நல்லது. அதற்குப் பழைய விதி ஒன்றே போதும்: ஒருவர் இரண்டு கூறாகப் பிரிக்கிறார், மற்றவர் எந்தக் கூறு வேண்டும் என்று எடுத்துக்கொள்கிறார். அடுத்த வாரம் முறை மாறும். பிரிப்பவருக்கு எது கிடைக்கும் என்று தெரியாததால் கூறு தானாகவே சமமாக விழும், தராசுகூடத் தேவைப்படாது.

ஒரு நடுப்பருவப் பெட்டியை மேசையில் கொட்டிப் பார்ப்போம். முட்டைக்கோஸ் ஒன்று. இலையோடு ஐந்து பீட்ரூட் உள்ள ஒரு கட்டு. வெள்ளரி ஏழு. தக்காளி இரண்டு கிலோ. கீரை இரண்டு கட்டு. கையகலப் பூசணி ஒன்று. கீரை ஆளுக்கு ஒரு கட்டு, அதில் பேச்சில்லை. தக்காளியை எண்ணிப் பிரிக்காதீர்கள், பழுத்த நிலை பார்த்துப் பிரியுங்கள்: இன்றைக்கே சமைக்கவேண்டியது, இரண்டு மூன்று நாள் தாங்குவது, இன்னும் செங்காயாக இருப்பது என்று மூன்று குவியல் வைத்து ஒவ்வொன்றிலும் பாதி. இல்லையென்றால் ஒரு வீட்டுக்கு எல்லாமே கனிந்ததாகப் போய்விடும். வெள்ளரி மூன்றும் நான்கும், மூன்று கிடைத்த கூறில் பெரியவை. பீட்ரூட்டின் இலையை முதலில் வெட்டிப் பிரித்துவிட்டால், கிழங்கு விரும்பும் வீடும் கீரை விரும்பும் வீடும் எளிதாக மாற்றிக்கொள்ளலாம்.

முட்டைக்கோஸும் பூசணியும் மீதி. வெட்டினால் இரண்டுமே சீக்கிரம் கெடும், முழுதாக இருந்தால் நாள்கணக்கில் தாங்கும், பூசணி வாரக்கணக்கில். ஆகவே வெட்டாமல் கூறுக்கு ஒன்றாக வைத்துவிடுங்கள். ஒரே ஒரு பெரிய காய் வரும் வாரத்தில், அது யாருக்குப் போனது என்று பெட்டிச்சீட்டின் பின்னால் எழுதுங்கள், அடுத்த பெரிய காய் மற்றவருக்கு. மேசையில் அவரவர் கூறு முடிவான பிறகு 'இது எங்களுக்கு ஆகாது' என்று நினைப்பதை நடுவில் வைத்துவிட்டால், மாற்றுவது சிரிப்போடு முடிந்துவிடும்.

இருவரும் ஒரே நேரத்தில் வர முடியாத வாரங்களில், பெட்டி எடுத்தவர் பிரித்து இரண்டு குவியலையும் படம் எடுத்து அனுப்பட்டும். மற்றவர் 'இடது' அல்லது 'வலது' என்று பதில் போட்டால் போதும். பிரித்த பையை வாசலில் வெயில் படும் இடத்தில் வைக்காதீர்கள். மூடிய காருக்குள் சற்று நேரம் விட்டாலும் கீரை சோர்ந்துவிடும்.

வந்த அன்றைக்கே செய்ய வேண்டியது

பண்ணைக் காய்கறி பறித்து அதிக நேரம் ஆகாமல் வருவதால், சரியாக எடுத்துவைத்தால் கடைக் காயைவிட நீண்ட நாள் இருக்கும். மண்ணோடும் இலையோடும் வருவதால் கவனிக்காவிட்டால் சீக்கிரம் வாடும்.

கேரட், பீட்ரூட், முள்ளங்கியின் இலைகளை உடனே வெட்டிவிடுங்கள். இலைகள் கிழங்கிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும், இரண்டே நாளில் கிழங்கு தொய்ந்துவிடும். கீரையை அழுகிய இலை நீக்கி, ஈரம் வடித்து, துணியில் சுற்றி மூடிய பாத்திரத்தில் குளிரில் வையுங்கள். வாடிப்போன கீரையைக் குளிர்ந்த நீரில் அரை மணி நேரம் போட்டால் பெரும்பாலும் நிமிர்ந்துவிடும், தூக்கி எறிந்துவிடாதீர்கள்.

தக்காளியைக் குளிர்சாதனப் பெட்டியில் வைக்காதீர்கள். ஏறத்தாழ 12 டிகிரி செல்சியஸுக்குக் கீழே அதன் மணமும் சுவையும் மங்கத் தொடங்கும். மிகக் கனிந்து, இன்றோ நாளையோ கெடப்போகிறது என்றால் மட்டும் வையுங்கள். வெள்ளரிக்கும் கத்தரிக்காய்க்கும் 10 டிகிரிக்குக் கீழே பல நாள் இருந்தால் தோலில் குழியும் நீர்த்தன்மையும் வரும், ஆகவே குளிர் குறைந்த தட்டில் வைத்து முதலில் தீர்த்துவிடுங்கள். உருளைக்கிழங்கு இருட்டில், காற்றோட்டமாக. வெளிச்சம் பட்டால் பச்சையாகும், பச்சையான இடத்தில் சொலனின் என்ற நச்சும் சேரக்கூடும். வெங்காயத்தை அதன் பக்கத்தில் வைத்தால் இரண்டும் சீக்கிரம் கெடும்.

பழுக்கும் பழங்கள் எத்திலீன் என்ற வாயுவை வெளிவிடும். ஆப்பிள், வாழைப்பழம், தக்காளியோடு கீரையை ஒரே கூடையில் வைத்தால் கீரை மஞ்சளாகும், கேரட்டில் கசப்பு ஏறும். பழத்துக்குத் தனி இடம் கொடுத்தால் இந்தத் தொல்லை இல்லை.

சமைக்கும் வரிசையையும் அன்றைக்கே முடிவு செய்யுங்கள். முதல் இரண்டு நாள் கீரையும் இலைக்காய்களும், அடுத்த இரண்டு மூன்று நாள் வெள்ளரி, பீன்ஸ், கத்தரிக்காய், வாரக் கடைசியில் கோஸும் கிழங்கும். குளிர்சாதனப் பெட்டியின் கதவில் இந்த வரிசையை ஒட்டிவைத்தால், வீட்டில் யார் சமைத்தாலும் சரியான காயைத்தான் எடுப்பார்கள்.

மிஞ்சும் வாரங்கள், குறையும் வாரங்கள்

நடுப்பருவத்தில் இரண்டு வீட்டுக்குமே கொள்ளாமல் வரும். கீரையைக் கொதிநீரில் இரண்டு நிமிடம் போட்டு, உடனே ஐஸ் தண்ணீரில் மாற்றி, பிழிந்து, ஒருவேளைக்கான உருண்டைகளாக உறைநிலைப் பெட்டியில் வைக்கலாம். கொதிநீரில் காட்டாமல் உறையவைத்தால் நிறமும் சுவையும் போய்விடும். தக்காளியை அப்படியே முழுதாக உறையவைக்கலாம். பிறகு தண்ணீரில் காட்டினால் தோல் தானாகக் கழன்றுவிடும், சமையலுக்கு அது போதும். இந்த வேலையை இரண்டு வீடும் சேர்ந்து ஒரே அடுக்களையில் ஒரு மாலையில் செய்தால் பாரம் தெரியாது, பொருளையும் அங்கேயே பாதியாகப் பிரித்துக்கொள்ளலாம்.

பல பண்ணைகள் பெட்டி எடுக்கும் இடத்தில் மாற்றுக்கூடை ஒன்று வைத்திருக்கும். வேண்டாததை அதில் போட்டு, வேறொன்றை எடுக்கலாம். உங்கள் பண்ணையில் இல்லை என்றால் வைக்கச் சொல்லிக் கேளுங்கள், அவர்களுக்குச் செலவு எதுவும் இல்லை.

குறைவாக வரும் வாரத்தில்தான் இந்த ஏற்பாடு உண்மையில் சோதிக்கப்படுகிறது. பெட்டியைத் திறந்தால் ஒரு கட்டுக் கீரையும் நாலு முள்ளங்கியும் இருக்கும். கோபம் வருவது இயல்பு. முதலில் பண்ணை அனுப்பிய கடிதத்தைப் படியுங்கள், என்ன நடந்தது என்று பெரும்பாலும் எழுதியிருப்பார்கள். எழுதவில்லை என்றால் மரியாதையாகக் கேளுங்கள். மழை, நோய் என்று காரணம் சொன்னால் அது நாம் ஏற்றுக்கொண்ட அபாயம். ஆனால் உறுப்பினர் பெட்டி குறைந்த அதே வாரத்தில் சந்தையில் அவர்கள் கடை நிறையக் காய் இருந்தால் அது வேறு விஷயம். உறுப்பினருக்கு முதல் உரிமை என்பது இந்த ஏற்பாட்டின் அடிப்படை, அதைத் தயங்காமல் கேட்கலாம். அந்தக் குறைந்த பெட்டியை இரண்டாகப் பிரிப்பதில் அர்த்தம் இல்லை. இந்த முறை முழுவதும் ஒரு வீட்டுக்கு, அடுத்த குறைந்த வாரம் மற்ற வீட்டுக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பருவம் முடியும்போது

கடைசிப் பெட்டிக்கு இரண்டு மூன்று வாரம் முன்பே பங்காளியோடு உட்கார்ந்து பேசுங்கள். எதைச் சாப்பிட்டோம், எது ஒவ்வொரு வாரமும் நடுவிலேயே கிடந்தது, பெட்டி எடுக்கும் நாள் இருவருக்கும் ஒத்துவந்ததா. ஒரு வீட்டில் குழந்தை பிறந்திருக்கும், இன்னொரு வீட்டில் பிள்ளைகள் படிக்க வெளியே போயிருப்பார்கள். போன பருவத்துக்குச் சரியாக இருந்த பாதி அடுத்த பருவத்துக்குச் சரியாக இருக்கவேண்டும் என்று இல்லை. தனித்தனியாகப் போகலாம் என்று முடிவானால் அதுவும் நல்ல முடிவுதான், இப்போது இரண்டு வீட்டுக்கும் தங்கள் அளவு தெரியும்.

எந்தக் காய் அதிகமாக வந்தது, எது இன்னும் கொஞ்சம் வந்திருக்கலாம் என்று பண்ணைக்கு நாலு வரி எழுதி அனுப்புங்கள். அடுத்த பருவத்துக்கு எத்தனை பங்கு என்பதை வைத்துத்தான் விதைக்குச் சொல்கிறார்கள், எந்தப் பாத்தியில் என்ன போடுவது என்று திட்டமிடுகிறார்கள். தொடர்கிறீர்களா, முழுப் பங்கா அரைப் பங்கா, புதிய பங்காளி யார் என்பதையெல்லாம் விதை வாங்கும் காலத்துக்கு முன்பே சொல்லிவிடுங்கள். வீட்டில் தங்கிப்போன காலிப் பெட்டிகளையும் அப்போதே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.